உரோம மாகாண வெண்கலக் காசுகள்: ‘எவ்வூர்க் காசு?’ என்னும் வினா

உரோமப் பேரரசின் கிழக்கு மாகாண நகரங்கள் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக் காலம் தத்தம் பெயரில் வெண்கலக் காசுகளை வெளியிட்டன. அவற்றை ஆராய்வோர் ‘இஃது எவ்வூர்க் காசு?’ என்னும் ஒரே வினாவை எழுப்பி, ஒரே விடையைப் பதிந்து அமைவது வழக்கம். ஆயின் அவ்வொரு வினாவுள் மூன்று வினாக்கள் உள்ளன: யார் பெயரால் வெளியிடப்பட்டது? எங்கு அச்சிடப்பட்டது? எங்குப் புழங்கியது? இம்மூன்றையும் தனித்தனியே பதிவதே முறையாகும்.

முதல் வினாவிற்குப் பெரும்பாலும் பின்புற எழுத்துப்பொறிப்பு விடை தருகிறது. ‘எபெசியோன்’ என்னும் கிரேக்கச் சொல் ஆறாம் வேற்றுமைப் பன்மை. ‘எபேசு நகரத்தாருடையது’ என்பது அதன் பொருள். அஃது உடைமையைச் சுட்டுமேயன்றி அச்சிட்ட இடத்தைச் சுட்டாது. சின்ன ஆசியாவின் வெவ்வேறு நகரங்கள் வெளியிட்ட காசுகளில் பேரரசர் தலையுருவிற்கு ஒரே முன்புற அச்சு பயன்பட்டுள்ளதைக் கொன்ராட் கிராஃப்ட் 1972இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக நிறுவினார். பல நகரங்களுக்குப் பொதுவான பணிமனைகள் இயங்கின என்பது அவர் முடிபு. ஆகவே, பெயர் ஒன்றாகவும் பணிமனை வேறாகவும் இருத்தல் கூடும்.

திரயான் (கி.பி. 98–117) காலத்துப் பித்தளைக் காசுகள் சில இதனினும் தெளிவான சான்று. அவற்றில் மாலைக்குள் ‘எஸ் சி’ என்னும் இலத்தீன் எழுத்துகள் உள்ளன, ஊர்ப்பெயர் இல்லை. தலையுருவின் செதுக்குமுறையும் வாசகமும் உரோம நகர அக்கசாலையைக் காட்டுகின்றன. காசுகள் கிடைக்கும் இடங்களோ சிரியாவைக் காட்டுகின்றன. இவற்றை ‘உரோமைக் காசு’ என்பதும் ‘சிரியக் காசு’ என்பதும் அரையுண்மைகளே.

1992இல் முதல் தொகுதி வெளிவந்த ‘ரோமன் புரொவின்சியல் காயினேஜ்’ வரிசை மாகாணம், நகரம் என்னும் அடைவில் காசுகளை நிரல்படுத்துகிறது. தேடுவோர்க்கு அவ்வடைவு இன்றியமையாதது. எனினும் அடைவில் ஒரு காசு பெறும் இடத்தை அது பிறந்த இடமாகக் கொள்ளலாகாது.

மூன்று விடைகளுள் முதலிரண்டையும் காசே ஓரளவு தாங்கி நிற்கிறது. மூன்றாவது மண்ணில் உள்ளது. கிடைத்த இடம் குறிக்கப்படாமல் துலக்கி விற்கப்படும் காசு தான் புழங்கிய ஊரை இழந்துவிடுகிறது. எழுத்து எத்துணைத் தெளிவாயினும் அவ்விழப்பை ஈடுசெய்யாது. எனவே பதிவேட்டில் மூன்று கட்டங்கள் வேண்டும். விடையற்ற கட்டத்தை ஊகத்தால் நிரப்பாது வெற்றிடமாக விடும் துணிவும் வேண்டும்.