மேல்மாடியின் சூடு யாருக்குத் தெரிய வேண்டும்?

புறக்கோட்டையில் எங்கள் வாப்பாவின் புடைவைக் கடைக்கு மேலே ஒரு களஞ்சிய அறை இருக்கிறது. தகரக் கூரை, ஒரேயொரு ஜன்னல். நாட்டாமி வேலை செய்யும் நானாமாரும் அண்ணாமாரும் பொதிகளைத் தோளில் சுமந்து அங்கேதான் ஏற்றுவார்கள். இறங்கி வரும்போது சேர்ட் பிழிந்தெடுக்கலாம் போலிருக்கும். நோன்பு காலத்தில் ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் ஏறுபவர்களும் உண்டு. "மேலே சூடு" என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரிந்த செய்தி என்பதாலேயே யாரும் எதுவும் செய்யவில்லை.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் எனக்கு ஒரு செயற்றிட்டம் தேவைப்பட்டது. மைக்ரோபிட் இரண்டை எடுத்தேன். ஒன்று பற்றரியுடன் மேல்மாடியில். மற்றையது யூஎஸ்பி கம்பியில் கடைக் கணினியோடு. மேலிருப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையை வானொலி அலையில் அனுப்பும். கீழிருப்பது அதை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும். கணினியில் உள்ள மேக்கோட் செயலி அதை வரைபாக ஓடவிடும். மைக்ரோபிட் அளப்பது உண்மையில் தன் சில்லின் சூட்டைத்தான், ஆகவே சற்றுக் கூட்டியே காட்டும். பக்கத்தில் சாதாரண வெப்பமானி ஒன்றை வைத்து வித்தியாசத்தைக் கழித்தேன். பகல் இரண்டு மணிக்கு மேலே 39 பாகை, கீழே 32.

"இதச் சொல்ல மெஷினா வேணும் மகள்?" என்று வாப்பா சிரித்தார். ஆனால் வரைபை இரண்டு தடவை பார்த்தார்.

கம்பியில்லா உணரிகள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. 2007ஆம் ஆண்டிலேயே கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 'பஸ்நெட்' என்ற முறையை முன்வைத்தார்கள். பொதுப் போக்குவரத்து பஸ்களில் உணரிகளைப் பொருத்தி, வண்டி குலுங்கும் முடுக்கத்தைக் கொண்டு வீதியின் குழிகளை அறிவது. சேர்ந்த தரவை பஸ்ஸே தபால்காரனைப் போல் தரிப்பிடத்துக்குச் சுமந்து வந்துவிடும். என்ன அழகான யோசனை! புறக்கோட்டை பஸ் நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். குழியில் முதுகு குலுங்குகிற பயணிகளும் அப்படியொரு திரையைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பக்கத்துக் கடை மாமா ஒருவர் வரைபைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மகள், பொடியன்மார் மேல போய் எவ்வளவு நேரம் சும்மா இருக்காங்கண்டு இதில பார்க்க ஏலுமா?"

"ஏலாது மாமா" என்றேன்.

அது பொய். அதே மைக்ரோபிட்டில் முடுக்கமானியும் இருக்கிறது. படிக்கட்டுப் பலகையில் ஒட்டிவைத்தால் ஒவ்வொரு காலடியும் பதிவாகும். இரவு உம்மாவிடம் சொன்னேன். "பொய் சொல்லாம, ஏலும், ஆனா செய்ய மாட்டேன் எண்டு சொல்லு" என்றார். மறுநாள் போய் அப்படியே சொன்னேன். மாமாவின் முகம் மாறியது. என் கை நடுங்கியது.

பாடசாலைக் கண்காட்சிகளில் நாங்கள் உணரிகளைக் காட்டுகிறோம், பரிசும் வாங்குகிறோம். அளக்கப்படுபவர் அந்தத் திரைக்கு முன்னால் வந்து நிற்கிறாரா என்று எந்த நடுவரும் கேட்டதில்லை. நானும் நினைத்திருக்கவில்லை. வரைபின் மேல் ஆங்கிலச் சுருக்கப் பெயர்தான் வைத்திருந்தேன். அதை வாசிக்க வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு அது விளங்காது. பிறகு ஒரு வாரத் தரவைச் சேமித்து, 'மேல்மாடி வெப்பம்' என்று தமிழில் தலைப்பிட்டு, அச்சடித்துப் படிக்கட்டின் அடியில் ஒட்டினேன்.

அதைப் பார்த்து ஒரு நானா, "பதினொண்டுக்குப் பிறகுதானே ஏறுது?" என்றார். இப்போது லொறி வந்ததும் பெரிய பொதிகள் பதினொரு மணிக்கு முன்னரே மேலே போகின்றன. நேரத்தை அவர்களே தீர்மானித்தார்கள். காற்று வெளியேற்றும் விசிறி இன்னும் வரவில்லை. நோன்புக்கு முன் வாங்குவதாக வாப்பா சொல்லியிருக்கிறார். வரைபை நான் இன்னும் கழற்றவில்லை.