முழுங்கும்போது மயக்கமா? சிரிக்காதீங்க

"டாக்டர், ஜில்லுனு சோடா குடிச்சா கண்ணு இருட்டுது. இட்லி முழுங்கும்போது ஒருதடவை விழுந்தே போயிட்டேன்."

இப்படி ஒருத்தர் சொன்னா வீட்ல சிரிப்பாங்க. 'கேஸ்', 'பலவீனம்'னு முடிச்சிருவாங்க. மருத்துவர்களாகிய நாங்களும் சில நேரம் அதையே செய்றோம். அது தப்பு.

மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் பத்தாவது நரம்பு வேகஸ். உணவுக்குழாய், இதயம் ரெண்டும் இதன் பாதையில்தான். இதயத்துக்கு இது பிரேக். வேகஸைத் தூண்டினால் ஒரு ரசாயனம் சுரந்து துடிப்பைக் குறைக்கிறது என்று 1921இல் தவளை இதயத்தில் காட்டினார் ஓட்டோ லோவி. 1936இல் நோபல் பரிசு பெற்றார்.

பிரேக் தேவைதான். ஆனா வெகு சிலருக்கு, உணவு இறங்கும்போது பிரேக் அளவுக்கு மீறிப் பிடிச்சிரும். துடிப்பு சில விநாடி நின்றே போகலாம். மூளைக்கு ஆறேழு விநாடி ரத்தம் போகலைன்னா ஆள் விழுந்துடுவார். கை கால் வெட்டியும் இழுக்கலாம். உடனே சாவியைக் கையில் கொடுப்பாங்க. 'வலிப்பு' என்று தவறாக முத்திரை குத்தி வருஷக்கணக்கில் மாத்திரையும் ஓடலாம்.

இன்னும் சிலருக்கு வேகஸ் வேறு மாதிரி விளையாடும். ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்ததும் இதயம் தாறுமாறா துடிக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். காலையில ஈ.சி.ஜி. எடுத்தா நார்மல்!

அதனால என் கருத்து இது: மயக்கத்துல விழுந்தவர்கிட்ட முதல்ல கேட்க வேண்டியது "விழும்போது என்ன பண்ணிட்டிருந்தீங்க?" முழுங்கினாரா, இருமினாரா, நின்றபடி சிறுநீர் கழித்தாரா? பாதி நோய் அந்த பதில்லயே இருக்கு. அடுத்தது ஈ.சி.ஜி. சாதாரண ஈ.சி.ஜி. சரியா இருந்தாலும் சந்தேகம் இருந்தா 24 மணி நேர ஹோல்டர் பதிவு. மானிட்டரை மாட்டிவிட்டு, மருத்துவர் முன்னாடியே முழுங்கச் சொல்லியும் கண்டுபிடிக்கலாம்.

கண்டுபிடிச்சா வழி இருக்கு. துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை மருத்துவர் மாற்றுவார். உணவுக்குழாயில் கோளாறு இருந்தா சரிசெய்யணும். தேவைப்பட்டா பேஸ்மேக்கர்.

ரத்தம் எடுக்கும்போது, வெயில்ல நிற்கும்போது வர்ற மயக்கம் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. பயப்பட வேண்டாம். ஆனா ஓடும்போது மயக்கம், முன்னறிவிப்பே இல்லாத மயக்கம், குடும்பத்துல இளவயது திடீர் மரணம்... இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே இதய மருத்துவரைப் பாருங்க.

கடைசியா, 'வேகஸை ரீசெட் பண்றேன்'னு வீடியோ பார்த்து கழுத்தை அழுத்தாதீங்க. அங்கதான் மூளைக்குப் போற ரத்தக்குழாய் இருக்கு.

விழுந்தவரைக் கேலி பண்ணாம, அவர் சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க. அதுவே பாதி சிகிச்சை.