ஆட்டுக்குத் திறக்கத் தெரியும்... உங்க கேட்டுக்கு மூடிக்கத் தெரியுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புதிதாக வீடு கட்டுபவர்கள் கேட்டுக்குச் செய்கிற செலவைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். லேசர் கட்டிங்கில் மயில், இரண்டு பக்கமும் யானை, நடுவில் வீட்டுப் பெயர். எல்லாம் முடிந்து பெயின்ட் அடிக்கிற நேரத்தில் வெல்டிங் பட்டறைக்காரர் கேட்பார், “சார், தாழ்ப்பாள் என்ன போடட்டும்?”

“கடையில எது இருக்கோ அதைப் போடுங்கண்ணே.”

அந்த ஒரு பதிலில்தான் நாய் தெருவுக்கு ஓடுகிறது, ஆடு பக்கத்து வீட்டுச் செம்பருத்தியை மொட்டையடிக்கிறது, மாடு சி.டி.ஹெச் ரோட்டின் நடுவில் போய் நிற்கிறது. நாட்டுக்கே ஸ்பிரிங்கும் போல்ட்டும் செய்து அனுப்புகிற தொழிற்பேட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம் வீட்டுத் தாழ்ப்பாளுக்கு மட்டும் நாம் இரண்டு நிமிடம்கூட யோசிப்பதில்லை.

சுவரைத் தாண்டுவது எந்த வீட்டு விலங்குக்கும் கஷ்டம்தான். கதவு அப்படியில்லை. திறப்பதற்காகவே செய்த இடம் அது. ‘யார் திறக்கலாம்’ என்பது மட்டும்தான் கேள்வி.

ஆட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கென்ட் பகுதியில் இருக்கும் ஓர் ஆட்டுக் காப்பகத்தில் நடத்திய சோதனை 2014-ல் வெளியானது. ஒரு பெட்டிக்குள் தீனி. அதை எடுக்க, முதலில் வாயால் இழுக்க வேண்டும், பிறகு முகவாயால் தூக்க வேண்டும். 12 ஆடுகளில் 9 ஆடுகள் இதைக் கற்றுக்கொண்டன, அதுவும் சராசரியாக 12 தடவை முயன்றதற்குள்ளேயே. இரண்டு ஆடுகள் ‘இதெல்லாம் எதுக்கு?’ என்று கொம்பாலேயே பெட்டியைத் திறக்கப் பார்த்ததால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டன! 10 மாதம் கழித்து அதே பெட்டியைக் காட்டியபோது, கற்ற ஆடுகள் 2 நிமிடத்துக்குள் திறந்துவிட்டன. ஒன்று செய்வதைப் பார்த்து இன்னொன்று கற்றதாகத் தெரியவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவுதான். அது நமக்கு ஆறுதல் இல்லை. ஒரு ஆடு திறந்துவிட்டால், அந்த வழியாக வெளியே போக மற்ற ஆடுகளுக்குப் பாடம் எதுவும் தேவையில்லையே.

இப்போது உங்கள் கொட்டகையில் இருக்கும் தாழ்ப்பாளை நினைத்துப் பாருங்கள். சாதாரண இழுப்புத் தாழ்ப்பாள் என்றால் ஒரே அசைவு. கொண்டியைத் தூக்கி நாதாங்கியிலிருந்து எடுப்பதும் ஒரே அசைவு. ஆல்ட்ராப்பில் மட்டும் கைப்பிடியைத் தூக்கிவிட்டு இழுக்க வேண்டும், இரண்டு அசைவு. கென்ட் ஆடுகள் பாஸ் செய்த பரீட்சையும் கிட்டத்தட்ட அதுதான். மாட்டுக்கு இந்த அறிவுகூட வேண்டாம். அரிப்பெடுத்து கேட்டில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால், அந்த அதிர்விலேயே தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்து விடும்.

அப்படியானால் என்னதான் போடுவது? நாய்ச் சங்கிலியின் முனையில் ஒரு ஸ்பிரிங் கொக்கி இருக்குமே, அது போதும். ஆல்ட்ராப்பைப் போட்டுவிட்டு, பூட்டு மாட்டுகிற ஓட்டையில் அந்தக் கொக்கியை மாட்டிவிடுங்கள். ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இன்னொரு விரலால் கொக்கியைத் திருப்ப வேண்டும். மூக்கு, நாக்கு, உதடு, கொம்பு எது இருந்தாலும் கட்டைவிரல் இல்லாத ஜீவனுக்கு இது ரொம்பக் கஷ்டம். செலவு ஒரு பிரியாணி விலைகூட வராது.

கட்டைவிரல் இருக்கிற ஜீவனாக இருந்தால் கதையே வேறு. 1968-ல் அமெரிக்காவின் ஒமாஹா விலங்குக் காட்சிசாலையில் ஃபூ மாஞ்சு என்ற ஒராங்குட்டான் திரும்பத் திரும்ப வெளியே வந்து மரத்தில் உட்கார்ந்திருந்தது. ஊழியர்தான் கதவைப் பூட்டாமல் விடுகிறார் என்று நிர்வாகம் சந்தேகப்பட்டது. கடைசியில்தான் தெரிந்தது, ஒரு கம்பித் துண்டை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒளித்துவைத்து, தாழ்ப்பாளை நெம்பித் திறந்து, மறுபடி கம்பியை வாய்க்குள் பத்திரப்படுத்தியிருக்கிறது. நல்லவேளை, ஆவடியில் யாரும் ஒராங்குட்டான் வளர்ப்பதில்லை.

தாழ்ப்பாளைவிட அதிகம் ஏமாற்றுவது கீல். நம்மூர் கேட்டுகளில் பெரும்பாலும் தூணில் மேல்நோக்கி நிற்கும் இரண்டு முளைகளில் கேட்டின் வளையங்கள் உட்கார்ந்திருக்கும். மாட்டுக்குத் தாழ்ப்பாளே தேவையில்லை. கீழ்க் கம்பிக்கு அடியில் தலையை விட்டு ஒரு தூக்குத் தூக்கினால் கேட் முழுசாகக் கழன்று கையில், இல்லை, கொம்பில் வந்துவிடும். மேல் முளையை மட்டும் தலைகீழாக, கீழ்நோக்கி வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பழைய கேட் என்றால் மேல் முளையின் தலையில் ஒரு வாஷரை வைத்துப் பற்றவைத்தால் போதும். இதற்குப் பட்டறையில் தனியாகக் காசு கேட்டால் நான் பொறுப்பல்ல.

கேட் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். நாய்க்கும் ஆட்டுக்கும் உள்பக்கம் திறப்பது நல்லது. அது முட்டினால் கேட் மூடத்தான் செய்யும், நாம் உள்ளே போகும்போதும் உடம்பால் தடுத்துக்கொள்ளலாம். மாட்டுத் தொழுவத்துக்கு நேர்மாறு. கதவை ஒட்டி மாடு விழுந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கிற கதவை நம்மால் அசைக்கக்கூட முடியாது.

சிறிய விஷயங்கள் இன்னும் இரண்டு. குறுக்குக் கம்பி வைத்த கேட், நாய்க்கும் வீட்டுக் குழந்தைக்கும் ஏணி. நெடுக்குக் கம்பியே வையுங்கள். தள்ளும் கேட்டாக இருந்தால் தண்டவாளத்தின் முனையில் ஸ்டாப்பர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கேட் சரிந்து குழந்தை இறந்த செய்தி சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. அதை டைப் செய்வது எங்கள் வேலையிலேயே மோசமான வேலை.

உணவு டெலிவரி தம்பிகள் மேல் எல்லோருக்கும் ஒரு புகார் உண்டு. கேட்டைத் திறந்துபோட்டுப் போய்விடுகிறார்கள், நாய் ஓடிவிடுகிறது. அவருக்கு அடுத்த ஆர்டர் காத்திருக்கிறது. தானாக மூடாத கேட்டை வைத்துவிட்டு அவரைத் திட்டி என்ன பிரயோஜனம்? கீலைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினால் கேட் தன் எடையிலேயே வந்து மூடும். ஸ்பிரிங் கீலும் கிடைக்கிறது. அதையும் மீறி ஓடுகிற நாய் என்றால் இரட்டைக் கதவுதான் வழி. தெரு கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் இன்னொரு சின்ன கேட். ஒன்று திறந்திருக்கும்போது இன்னொன்று மூடியிருக்க வேண்டும். விலங்குக் காட்சிசாலைகளில் ஆபத்தான விலங்குகளின் கூண்டுகளை அப்படித்தான் அமைக்கிறார்கள்.

2025 அக்டோபரில் வண்டலூர் பூங்காவில் சஃபாரி பகுதிக்குள் விடப்பட்ட சிங்கம் ஒன்று, இரவுக் கூண்டுக்குத் திரும்பாமல் போக்குக் காட்டியது நினைவிருக்கலாம். ட்ரோன் விட்டுத் தேடினார்கள், சில நாளில் அதுவே கூண்டுக்கு வந்து சேர்ந்தது. கூண்டுக்கு வெளியே இன்னொரு வேலி இருந்ததால் அது ‘திரும்பாத சிங்கம்’ என்ற செய்தியோடு நின்றது. இல்லாவிட்டால் ‘தப்பிய சிங்கம்’ ஆகியிருக்கும்.

மாட்டு விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் சாலைகளில் நிற்கிற மாடுகள் எல்லாம் தப்பி வந்தவை அல்ல. கறந்து முடித்ததும் நாமாகவே அவிழ்த்துவிடுகிறவைதான் நிறைய. அதற்கு எந்தத் தாழ்ப்பாளும் மருந்தில்லை. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்த 9 வயதுச் சிறுமியை மாடு முட்டித் தூக்கிய சிசிடிவி காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024-ல் சென்னை மாநகராட்சி அபராதத்தை முதல் முறை 10,000 ரூபாய், அடுத்த முறை 15,000 ரூபாய் என்று உயர்த்தியது. அம்பத்தூர் 2011-லிருந்து சென்னை மாநகராட்சிக்குள் வருவதால் இது அங்கேயும் உண்டு. ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. அங்கே இருப்பவர்கள் தங்கள் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். “எங்க மாடு கேட்டைத் திறந்துட்டு வந்துடுச்சு சார்” என்று உண்மையாகவே சொல்கிறவருக்கும் அபராதம் அதேதான்.

வெளியே போவதைப் பற்றியே பேசுகிறோம், உள்ளே வருவதும் இருக்கிறது. திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் பட்டிக்குள் புகுந்து தெருநாய்கள் கடித்ததில் ஏராளமான ஆடுகள் செத்து, விவசாயிகள் நஷ்டஈடு கேட்டுத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நம் பகுதியிலும் நாலு ஆடு வளர்ப்பவர்கள் கேட்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மண் தரை என்றால் நாய் தோண்டிவிடும். வாசலுக்குக் கீழே ஒரு சிமென்ட் படியோ, ஒரு கருங்கல்லோ போதும்.

கொட்டகை போடுவதற்கு முன் ஆலோசனை வேண்டுமா? கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆடு வளர்ப்புப் பயிற்சியும் நடக்கும். காட்டுப்பாக்கம் என்றதும் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள், இது காட்டாங்குளத்தூர் பக்கத்துக் காட்டுப்பாக்கம்!

இவ்வளவு சொன்ன பிறகு, “பேசாம பெரிய பூட்டாப் போட்டு சாவியை பீரோவுல வெச்சிடறேன்” என்று சொல்பவர்களுக்கு, மிக்ஜாம் புயலை நினைவுபடுத்த வேண்டும். 2023 டிசம்பரில் கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் தண்ணீர் ஏறியபோது கரன்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. அந்த மாதிரி ராத்திரியில் கொட்டகைக்குள் இருக்கும் ஆட்டையோ நாயையோ காப்பாற்றப் போகிறவர் நீங்களாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அவருக்கு உங்கள் பீரோ சாவி எங்கே என்று தெரியாது. கொக்கியை வெளிப்பக்கம், தண்ணீர் ஏறினாலும் கைக்கு எட்டுகிற உயரத்தில் வையுங்கள். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கையால் திறந்து பாருங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் ஸ்பிரிங்குக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவையுங்கள், துருப்பிடித்தால் உங்களுக்கும் திறக்காது.