மணலில் இறங்கிய தார்

ஐஸ்லாந்தில் ஃபோர்வீல் கேம்பர் வாடகைக்கு எடுத்தவர்களுக்குத் தெரியும்: 'எஃப்' எண்ணிட்ட மலைத்தடங்களில் ஓட்டலாம், தடத்தைவிட்டு இறங்கினால் சட்டப்படி குற்றம். ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் பெரும்பாலும் காப்பீடும் கிடையாது. நாங்கள் நாலு பேர் போனோம். பாசிமேல் டயர் படாமல் பூனை மாதிரி ஓட்டினோம்.

அதே சிதம்பரத்து நண்பன், பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்ததும் சாமியார்பேட்டை மணலில் தாரை இறக்கினான். வீடியோ எடுத்தவன் நான்தான். ஐஸ்லாந்தில் நாங்கள் மதித்தது பாசியை என்று அதுவரை நம்பியிருந்தேன். டெபாசிட்டைத்தான் மதித்திருக்கிறோம்.

ஜனவரியிலிருந்து கடலூர்க் கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். ஒரு முழ ஆழத்தில் சுமார் நூறு முட்டை இருக்கும். மேலே நாலு பேரோடு ரெண்டு டன் வண்டி. டயர் தடத்தில் விழுந்த குஞ்சு கடலுக்குப் போகாமல் பள்ளத்தோடேயே நடக்கும், விடிந்தால் காக்கைக்கு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில்தான் இந்த ஆமையும் இருக்கிறது.

"முட்டையெல்லாம் வனத்துறை எடுத்துப் பொரிக்க வச்சுடுவாங்கடா" என்றான். கண்ணில் பட்டதைத்தானே எடுக்க முடியும்?

வலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர் கைகாட்டினார். "தம்பி, ராத்திரி ஆமை ஏறுன எடம் அது."

"சரிங்கய்யா" என்றோம். இன்னொரு ரவுண்டும் போனோம்.