அரை செகண்டின் விலை

பி.காம். படித்தவனிடம் ஒரு காரைக் காட்டினால் முதலில் விலையைப் பார்ப்பான். அப்புறம் மைலேஜ். அப்புறம் மறுபடியும் விலை. இதையெல்லாம் தாண்டி ஒரு கார் என் தூக்கத்தைக் கெடுத்தது என்றால், காரணம் அதன் அழகோ வேகமோ இல்லை. அதன் கணக்கு இடித்தது.

காரின் பெயர் போர்ஷே 911 ஜிடி3. ஜெர்மனி சரக்கு. (வாங்குகிற உத்தேசம் எதுவும் இல்லை. என் வீட்டில் கேட்டுவிட்டுப் பதறிப் போன் செய்யாதீர்கள்.)

2017-ல் வந்த மாடலை இரண்டு தினுசாக விற்றார்கள். ஒன்று, தானே கியர் மாற்றிக்கொள்ளும் 7 கியர் ரகம். நின்ற இடத்திலிருந்து கிளம்பி மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொட இதற்கு 3.4 செகண்ட். இன்னொன்று, இடது காலால் கிளட்சை மிதித்துக் கையால் கியர் போடும் 6 கியர் மேனுவல். இதற்கு 3.9 செகண்ட். இரண்டிலும் அதே 4 லிட்டர் எஞ்சின், அதே 500 குதிரைச் சக்தி. மேனுவலுக்குத் தனி விலை கிடையாது. எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார்கள்.

வேகத்துக்காகவே கோடியைக் கொட்டுகிற காரில், அரை செகண்ட் பின்தங்குகிற ரகத்தை எவன் ஸார் வாங்குவான்?

வாங்கினார்கள். சும்மா இல்லை, கம்பெனியோடு மல்லுக்கட்டி வாங்கினார்கள். அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் மெக்கானிக் ஷெட் பக்கம் போய்விட்டு வந்துவிடலாம்.

எஞ்சினுக்கு எல்லாச் சுழற்சியிலும் ஒரே தெம்பு கிடையாது. கியர் வைத்த சைக்கிளில் மேடு ஏறும்போது ஒன்றும், சமதரையில் ஒன்றும் போடுகிறோமே, அதே சமாசாரம்தான். ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நேரத்தில் எஞ்சினையும் சக்கரத்தையும் கொஞ்சம் பிரித்து வைக்க வேண்டும். அதற்குத்தான் கிளட்ச். பிரிந்திருக்கும் அந்தக் கண நேரத்தில் எஞ்சினின் சக்தி சக்கரத்துக்குப் போகாது. ரேஸ்காரர்களுக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் அந்தக் கண நேரத்தின் மேல்தான்.

1939-ல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்காக 'ஹைட்ராமேட்டிக்' என்ற ஆட்டோமேட்டிக் கியரை அறிமுகப்படுத்தியது. கிளட்ச் பெடல் கிடையாது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய். இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போடுங்கள். அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் தத்துவம் புரிந்துவிடும். சுகமான ஏற்பாடு. ஆனால், இரண்டாவது ஃபேன் எப்போதும் முதல் ஃபேனைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தானே சுற்றும்? சக்தி நஷ்டம், பெட்ரோல் நஷ்டம். அதனால், வேகப் பிரியர்கள் ரொம்ப வருஷங்களுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. வேகம் வேண்டுமா, மேனுவல். விஷயம் முடிந்தது.

முடியவில்லை என்று காட்டியது 1989. பிரேசில் கிராண்ட் ப்ரீ பந்தயத்துக்கு ஃபெராரி ஒரு விநோதக் காரைக் கொண்டுவந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் காது மாதிரி இரண்டு துடுப்புகள். ஒன்றை இழுத்தால் கியர் ஏறும், மற்றதை இழுத்தால் இறங்கும். கிளம்பும்போது தவிர கிளட்ச் வேலை இல்லை. சோதனை ஓட்டங்களில் அது அடிக்கடி மக்கர் பண்ணியதால், ஓட்டிய நைஜல் மேன்ஸெலுக்கே நம்பிக்கை இல்லை. பாதியில் நின்றுவிடும் என்று சீக்கிரமே ஊர் திரும்ப விமான டிக்கெட் போட்டிருந்தாராம். கார் நிற்கவில்லை. ஜெயித்தே விட்டது! அடுத்த சில வருஷங்களில் மற்ற டீம்களும் கியர்க் கம்பிக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் துடுப்புக்கு மாறின.

அடுத்து வந்தது இரட்டை கிளட்ச். போர்ஷே இதை 1980-களிலேயே ரேஸ் கார்களில் போட்டுப் பார்த்தது. 2003-ல் ஃபோக்ஸ்வேகன், கோல்ஃப் ஆர்32 என்ற சாலைக் காரில் விற்றது. 2008-ல் போர்ஷே 911-க்கும் வந்தது. போர்ஷே இதற்கு வைத்த பெயர் 'டோப்பல்குப்லுங்ஸ்கெட்ரீபே'. (சொல்லி முடிப்பதற்குள் நாலு கியர் மாறிவிடும். ஆகவே சுருக்கமாக, பி.டி.கே.)

இதைப் புரிந்துகொள்ளக் கல்யாணப் பந்திக்கு வாருங்கள். ஒரே ஹால் இருந்தால் என்ன ஆகும்? முதல் பந்தி எழுந்து, இலை எடுத்து, மேஜை துடைத்து, அப்புறம்தான் அடுத்த பந்தி. அது மேனுவல். இரண்டு ஹால் இருந்தால்? இங்கே ரசம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கே இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் வைத்தாகிவிட்டது. இந்தக் கதவைச் சாத்தி அந்தக் கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. அது இரட்டை கிளட்ச். 1, 3, 5, 7 ஒரு கிளட்சில். 2, 4, 6 இன்னொன்றில். அடுத்த கியர் முன்கூட்டியே தயார். எந்த மனுஷனின் கையும் காலும் இதோடு போட்டி போட முடியாது.

இப்போது கதைக்கு வருகிறேன். 2013-ல் புதிய ஜிடி3-ஐ வெளியிட்ட போர்ஷே, "இனிமேல் இதில் பி.டி.கே. மட்டும்தான், மேனுவல் கிடையாது" என்றது. காரணம் நியாயமானது. ஜிடி3 என்பது ரேஸ் டிராக்கை மனதில் வைத்துச் செய்கிற கார். டிராக்கில் எது சீக்கிரம் சுற்றி வருகிறதோ அதுதான் சரி. கம்பெனியின் கணக்கில் ஒரு பைசா தப்பில்லை.

ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் குய்யோ முறையோ என்றார்கள். 2016-ல் போர்ஷே 911 ஆர் என்று ஒன்றைச் செய்தது. மேனுவல் மட்டும். மொத்தமே 991 கார்கள். வந்த வேகத்தில் தீர்ந்துவிட்டது. கொஞ்ச நாளில் கைமாற்று மார்க்கெட்டில் ஷோரூம் விலையைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சொன்னார்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் விலை குறையும் என்று தேய்மானக் கணக்குப் போட்டுப் பழகிய எனக்குத் தலை சுற்றியது. அடுத்த வருஷமே ஜிடி3-க்கு மேனுவல் திரும்பி வந்தது. 2021-ல் வந்த அடுத்த தலைமுறையிலும் இரண்டும் இருந்தன.

சரி, அந்த அரை செகண்ட் எவ்வளவு பெரிசு? 100 கி.மீ. வேகத்தில் அரை செகண்டில் ஒரு கார் கிட்டத்தட்ட 14 மீட்டர் போகும். அதாவது ஒரு டவுன் பஸ், அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர். ரேஸில் அந்தப் பதினாலு மீட்டருக்குக் கோப்பை கைமாறும். சாலையிலோ, அடுத்த சிவப்பு விளக்கில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று மூஞ்சியைப் பார்த்துக்கொள்வார்கள்.

இங்கே மேனுவல் கட்சிக்காரர்களையும் கொஞ்சம் குட்ட வேண்டியிருக்கிறது. "மேனுவல்தான் ஸார் மைலேஜ்" என்பார்கள். எண்ணெய் ஃபேன் காலத்தில் உண்மை; நல்ல இரட்டை கிளட்ச் முன்னால் அந்த வாதம் நிற்காது. "மேனுவல்லதான் கன்ட்ரோல்" என்பார்கள். துடுப்பிலும் வேண்டிய கியரைக் கேட்டு வாங்கலாம். அம்மியில் அரைத்த சட்னி மாதிரி வருமா என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அம்மிப் பக்கம் போயே பத்து வருஷம் இருக்கும்!

மிஞ்சுவது ஒரே ஒரு வாதம். ஆனால் கெட்டியான வாதம். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும்போது தேர்ந்த டிரைவர் வலது காலின் முன்பக்கத்தால் பிரேக்கை அழுத்தி, அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, இடது காலில் கிளட்ச், கையில் கியர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வார். சரியாக அமைந்தால் கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறங்கும். பத்தில் எட்டு தடவை அமையாது. அமைகிற அந்த இரண்டுக்காகத்தான் அவர் காசு கொடுக்கிறார். மெஷின் பத்துக்குப் பத்தும் செய்யும், வாஸ்தவம். ஆனால் அந்த மார்க் மெஷினுடையது.

இப்படி நான் மேனுவல் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தபோது எங்கள் தெரு ஆடிட்டர் நிமிர்த்தி உட்காரவைத்தார். ஐம்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் போலியோவில் இடது கால் போனது. ரொம்ப வருஷம் பின் ஸீட்டிலேயே பிரயாணம். இப்போது இரட்டை கிளட்ச் வைத்த, 150 குதிரைச் சக்தி டர்போ கார் வைத்திருக்கிறார். ஹைவேயில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்குக் குலதெய்வம் ஞாபகம் வரும்.

"தம்பி, நீங்க சொல்ற அந்த கிளட்ச் ருசி எனக்குத் தெரியாது. ஆனா மிதிச்ச உடனே முதுகு ஸீட்ல அமுங்குதே, அது எனக்கும் உங்களுக்கும் ஒண்ணுதான். மேனுவலா ஆட்டோவான்னு யோசிக்கிறதே ரெண்டு கால் உள்ளவங்க கவலை. எனக்கு அது, ஓட்டறதா வேண்டாமாங்கிற கேள்வியா இருந்துது."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகவே, வேகமான கார் வாங்கப் போகிற அன்பர்களே, ஷோரூமுக்குப் போகும் முன் மூன்று விஷயம் யோசியுங்கள். நேரம் பார்த்து டிராக்கில் ஓட்டப் போகிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டு துடுப்பு. தினமும் நெரிசலில் ஊர்ந்து ஆபீஸ் போகிற காரா? ஆட்டோமேட்டிக், ஆனால் உலர் கிளட்ச் ரகமென்றால் அங்குலம் அங்குலமாக நகர்த்தாமல், முன்னால் கொஞ்சம் இடம் விழ விட்டுப் போங்கள். இல்லாவிட்டால் கிளட்ச் சூடாகும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காலி மலைப் பாதை, கூட யாரும் இல்லை, போய்ச் சேர அவசரமும் இல்லை என்பவரா? மேனுவல். சிரமத்தைச் சுகமாக எண்ணுகிறவருக்குத்தான் அது.

அவசரமாக யோசியுங்கள். ஏனென்றால் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மாற்றுவதற்குக் கியரே இல்லை. ஆனால் மனுஷ புத்தியைப் பாருங்கள். 2023-ல் ஹூண்டாய் 'அயோனிக் 5 என்' என்ற மின்சாரக் காரில், இல்லாத 8 கியர்களை இருப்பது போல நடிக்க வைத்தார்கள். துடுப்பை இழுத்தால் குலுங்கும். ஸ்பீக்கரில் எஞ்சின் உறுமும். நேரத்துக்கு கியர் மாற்றாவிட்டால், வண்டி வேகமெடுக்காமல் முறைத்துக்கொள்ளும்! அதைப் போட்டுக்கொள்ள ஒரு பட்டன்.

இதை ஆடிட்டரிடம் சொல்லி, "கண்ணுக்குத் தெரியாத, கைக்குச் சிக்காத ஒன்றைக் கணக்கில் எங்கே ஸார் எழுதுவது?" என்று கேட்டேன்.

"பி.காம். படிச்சீங்கல்ல? சொத்துப் பக்கம். குட்வில்."

"மதிப்பு?"

"வாங்குறவன் எவ்வளவு கொடுக்கிறானோ, அவ்வளவு" என்று சொல்லிவிட்டு, வலது காலை அழுத்தினார். நான் ஸீட்டைப் பிடித்துக்கொண்டேன்.