யார் கொடுத்த பணம்?

ஜனங்கள் தமக்கு வேண்டிய சட்டங்களைத் தம் பிரதிநிதிகளைக் கொண்டு தாமே செய்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு ஜனநாயகம் என்று பெயர். ஆனால் தாம் பார்லிமெண்டுக்கு அனுப்பும் மனிதரைப் பற்றி நம் மக்கள் என்ன விசாரிக்கிறார்கள்? அவர் எந்தக் கட்சி, எந்த ஜாதி, நம் கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை பேசுகிறான். நம்மை ஆளும் சட்டங்களைச் செய்யும் அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுக்கும் நாமோ, மாலையைப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறோம்.

பார்லிமெண்டு அங்கத்தினரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே. அவர் எங்கிருந்து வந்தார்? என்ன சட்டம் செய்தார்? அவரை அங்கே அனுப்பச் செலவான பணம் யாருடையது? இம்மூன்றில் கடைசிக் கேள்வியே தலையானது என்பதும், அதைக் கேட்க நம்மிடம் சட்டம் இல்லாமையே இந்நாட்டின் பெருங்குறை என்பதும் நாம் சொல்ல வந்தவை. இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டுவதில்லை. பெக்கான் தொகுதியின் அங்கத்தினராயிருந்து, 2009 முதல் 2018 வரை பிரதம மந்திரியாகவும் விளங்கிய நஜிப் ரசாக் அவர்களின் சரித்திரமே போதும்.

முதல் கேள்வி. அவர் 1953-இல் பிறந்தவர்; இரண்டாம் பிரதம மந்திரி துன் அப்துல் ரசாக்கின் மூத்த குமாரர்; இங்கிலாந்தில் படித்தவர். 1976 ஜனவரியில் தந்தையார் காலமானார். அவ்வாண்டிலேயே தந்தையின் பெக்கான் தொகுதி, எதிர்த்து நிற்பாரின்றி, 22 வயதுக் குமாரரிடம் வந்து சேர்ந்தது. தகப்பன் தேடிய சொத்து பிள்ளைக்கு வருவது உலக வழக்கம். ஜனங்களின் ஓட்டும் அவ்விதமே வந்து சேருமானால் அதற்குப் பெயர் தேர்தலா, வாரிசுரிமையா? பிறப்பினால் ஒருவன் பூசாரியாவதைக் கண்டிக்கும் நாம், பிறப்பினால் ஒருவர் சட்டசபை ஏறுவதை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்? ஆயினும் பிறப்பு எவருடைய குற்றமுமன்று. அதற்கு மருந்தும் ஜனங்கள் கையிலேயே இருக்கிறது. 1999-இல் இதே பெக்கான் மக்கள் அவரை 241 ஓட்டு வித்தியாசத்தில்தான் தப்ப விட்டார்கள்.

இரண்டாம் கேள்வி. நியாயத்தை நியாயமாகவே சொல்லுவோம். 2011-இல் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் இவர் காலத்தில்தான் வந்தது. அதன்படி 2013 முதல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் என்று ஏற்பட்டது. தோட்டத்துச் செக்ரோலில் சம்பளக் கணக்கு எழுதும் எம்போன்ற கிராணிகள் அதன் அருமையை அறிவோம். 1960 முதல் விசாரணையின்றி ஆட்களை அடைத்துவைத்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தையும் இவரே 2012-இல் நீக்கினார். ஆனால் முன்வாசலால் போனது பின்வாசலால் வந்தது போல, அதே ஆண்டில் சொஸ்மா என்னும் சட்டம் வந்து, 28 நாள் வரை ஒருவரைப் போலீஸ் காவலில் வைக்க இடங்கொடுத்தது. 2016-இல் வந்த தேசியப் பாதுகாப்பு மன்றச் சட்டம், ஒரு பகுதியைப் பாதுகாப்புப் பகுதியென்று அறிவிக்கும் அதிகாரத்தைப் பிரதம மந்திரியிடம் ஒப்படைத்தது.

2018-இல் நடந்ததைக் கவனியுங்கள். மார்ச் 28-இல் தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டன. ஏப்ரல் 2-இல் பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் மக்களவையில் நிறைவேறியது. தண்டனை ஆறாண்டு வரை சிறை, 5 லட்சம் வெள்ளி வரை அபராதம். ஏப்ரல் 7-இல் பார்லிமெண்டு கலைந்தது. இத்தனை அவசரம் எதற்கு? 1எம்டிபி நிதியைப் பற்றி நாடு முழுவதும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. கேட்ட வாயை அடைக்கச் சட்டம் வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கேள்விதான் மூன்றாவது: பணம் யாருடையது? 2013 மார்ச், ஏப்ரல் மாதங்களில், அதாவது மே 5-ஆம் தேதித் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், அவருடைய சொந்த பாங்கிக் கணக்கில் 68 கோடியே 10 லட்சம் அமெரிக்க டாலர், ஏறத்தாழ 260 கோடி வெள்ளி, வந்து விழுந்தது. 2015-இல் இது வெளியானபோது, அரபு நாட்டு நன்கொடை என்று சொல்லப்பட்டது. 2016 ஜனவரியில் அன்றைய அட்டர்னி ஜெனரலும், சவூதி அரச குடும்பத்தின் அன்பளிப்பு, குற்றமில்லை என்று கோப்பை மூடினார்.

கிராணியின் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறோம். 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின்படி, பார்லிமெண்டுக்கு நிற்கும் அபேட்சகர் ஒருவர் செலவிடக்கூடியது 2 லட்சம் வெள்ளி. மொத்தத் தொகுதிகள் 222. ஒரு கட்சி எல்லாத் தொகுதியிலும் நின்று, உச்ச வரம்பு வரை செலவிட்டாலும் 4 கோடியே 44 லட்சம் வெள்ளியில் காரியம் முடியும். வந்த பணமோ அதைப்போல் 58 மடங்கு! மாதம் 900 வெள்ளி வாங்கும் தொழிலாளிகள் 2,40,000 பேர் ஓராண்டு முழுவதும் உழைத்தால்தான் அத்தொகை சேரும்.

பின்னர் நடந்ததை நாடறியும். எஸ்.ஆர்.சி. நிறுவனத்தின் 4 கோடியே 20 லட்சம் வெள்ளி சம்பந்தமான வழக்கில் 2020 ஜூலையில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024-இல் மன்னிப்பு வாரியம் 12 ஆண்டுச் சிறையை 6 ஆண்டாகக் குறைத்தது. 2025 டிசம்பரில் 1எம்டிபி வழக்கிலும் அவர் குற்றவாளியென்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரபு நன்கொடைக் கதையை அது ஏற்கவில்லை.

ஆள் சிறைக்குப் போனார், நியாயம் கிடைத்தது, இனி என்ன என்று சிலர் கேட்கலாம். திருடன் பிடிபட்டான் என்பதற்காகக் கதவில்லாத வீட்டில் நிம்மதியாகத் தூங்குவோமா? சட்டத்தின் வரம்பு அபேட்சகரின் கணக்கை மட்டுமே கட்டுகிறது. கட்சியின் பணப்பெட்டியைக் கட்டுவதில்லை. கட்சிக்குக் கொடுத்தவர் பெயரை ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லாதிருந்தது. 2015-இல் நஜிப் அவர்களே ஒரு குழுவை நியமித்தார். அது 2016-இல் 32 பரிந்துரைகளைக் கொடுத்தது. அவை ஏட்டுச் சுரைக்காயாயின. 2018-இல் வென்ற கூட்டணியும் அரசியல் நிதிச் சட்டம் கொண்டுவருவோம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதியது. 2020-இல் அவ்வரசு வீழ்ந்தபோது அச்சட்டம் பிறக்கவேயில்லை. மற்றெல்லாவற்றிலும் சண்டையிடும் கட்சிகள், பெட்டியைப் பூட்டி வைப்பதில் மட்டும் ஒற்றுமையாயிருப்பதன் இரகசியம் என்ன?

அக்காலத்துக் கங்காணியை நினைத்துப் பாருங்கள். நம் ஊரான், நம் பாஷை பேசினான், நம்மோடு அதே கப்பலில் வந்தான். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு கொடுத்தது தோட்டம். ஆகவே கூலித் தகராறு வந்தால் அவன் யார் பக்கம் நின்றான் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஓட்டு நம்முடையது, தலைக்காசு பிறருடையது என்றால், அங்கத்தினரும் கங்காணியே.

நமக்கும் இதில் நேரான அனுபவமுண்டு. அதே 2013 ஏப்ரலில் இந்தியர் நலனுக்கென்று ஹிண்ட்ராப் இயக்கத்தோடு ஆளுங்கூட்டணி ஓர் ஒப்பந்தம் செய்தது. அதில் கையெழுத்திட்டுத் துணை மந்திரியும் ஆன வேதமூர்த்தி அவர்கள், வாக்குறுதிகள் நிறைவேறவில்லையென்று 2014 பிப்ரவரியில் பதவி விலகினார். ஓட்டுக்காகச் செய்த ஒப்பந்தம் காகிதத்தில் நின்றது. பணத்துக்காகச் செய்யும் ஒப்பந்தத்துக்குக் காகிதமே வேண்டியதில்லை!

பணமின்றித் தேர்தல் நடக்குமா என்பார்கள். நடக்காது. பணம் வேண்டாமென்று நாமும் சொல்லவில்லை. கொடுத்தவர் பெயரையும் தொகையையும் சுவரில் ஒட்டுங்கள் என்கிறோம். தோட்டத்தில் ஒரு வெட்டுக்கத்தி வாங்கினாலும் பில் கேட்கிறார்கள். நாட்டை வாங்கும் பணத்துக்கு ரசீது கேட்பது தவறா?

2010-இல் சிபு இடைத்தேர்தலில், எம் அபேட்சகரை ஜெயிக்கவையுங்கள், வெள்ளத் தடுப்புக்கு 50 லட்சம் வெள்ளி தருகிறேன் என்று இதே பிரதம மந்திரி பேரம் பேசினார். சிபு மக்கள் 398 ஓட்டு வித்தியாசத்தில் அவர் அபேட்சகரைத் தோற்கடித்தார்கள். அந்தத் துணிவு தோட்டத்துக்கும் வரவேண்டும். அடுத்த தேர்தலில் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், அரிசி மூட்டையைத் தொடுமுன், மாலையை எடுக்குமுன், ஒன்று கேளுங்கள்: ஐயா, இது யார் கொடுத்த பணம்? பதில் சொல்லாதவருக்கு ஓட்டில்லை என்று சொல்லுங்கள்.

— ஒரு தோட்டக் கிராணி