ஊசி குத்தினால் மறைக்காதீர்கள்

வைத்தியசாலை என்றதும் வைத்தியரும் தாதியரும்தான் எம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் விடுதியைக் கூட்டிக் கழுவுபவர், நோயாளியின் படுக்கை விரிப்பை மாற்றுபவர், குப்பை வாளியைத் தூக்கிச் செல்பவர் இல்லாமல் எந்த வைத்தியசாலையும் ஒரு நாள்கூட இயங்காது. போரில் துணையை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் எமது சகோதரிகள் பலர் சிற்றூழியராகவும், ஒப்பந்த நிறுவனங்களின் கீழ்ச் சுத்திகரிப்புப் பணியாளராகவும் இவ்வேலைகளைச் செய்கிறார்கள். இம்மாதம் அவர்களுக்காகவே எழுதுகிறோம்.

இந்த வேலையில் உள்ள பெரிய ஆபத்து மிகச் சிறிய பொருளில் இருக்கிறது. அது பாவித்த ஊசி. யாரோ அவசரத்தில் சாதாரணக் குப்பையோடு போட்டுவிட்ட ஊசி, பையைத் தூக்கும்போது கையிலோ காலிலோ குத்திவிடுகிறது. ஒரு துளி இரத்தம் வருகிறது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். "சொன்னால் ஏசுவார்கள்", "கவனமில்லாதவள் என்று வேலையால் நிறுத்திவிடுவார்கள்", "பரிசோதனை செய்தால் ஊரில் என்ன கதைப்பார்களோ" என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் எமக்கு விளங்குகிறது. ஒரு நாள் சம்பளத்தில் அடுப்பெரியும் வீட்டில் வேலை போவது சிறிய விடயமல்ல. ஆனால் ஊசி குத்தியதை மறைப்பதால் கிடைக்கவேண்டிய பாதுகாப்புக் கைநழுவிப் போகிறது.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 30 இலட்சம் சுகாதாரப் பணியாளர்கள் இவ்வாறு குருதி பட்ட கூரிய பொருட்களால் காயப்படுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. ஆகவே இது உங்கள் ஒருவரின் கவனக்குறைவால் வந்ததல்ல. ஊசியை உரிய பெட்டியில் போடாதவரின் தவறு பெரும்பாலும் அதைப் பொறுக்குபவரின் கையில்தான் காயமாகிறது.

ஊசியில் இருந்த குருதி நோயுள்ளவருடையதாயின் மூன்று கிருமிகளைப் பற்றி யோசிக்க வேண்டும். முதலாவது ஹெபடைற்றிஸ் பி. இது ஈரலைத் தாக்கிச் செங்கண்மாரியை உண்டாக்கக் கூடியது. தடுப்பூசி போடாத 100 பேருக்கு இக்கிருமியுள்ள ஊசி குத்தினால் 30 பேர் வரை தொற்றக்கூடும். காய்ந்த குருதியிலும் இது 7 நாட்களுக்குக் குறையாமல் உயிரோடிருக்கும். இரண்டாவது ஹெபடைற்றிஸ் சி. 100 பேரில் 2 பேருக்கோ அதிலும் குறைவாகவோதான் தொற்றும். இதற்குத் தடுப்பூசி இல்லை. எனினும் இன்று சில மாத மாத்திரைகளால் பெரும்பாலோரைக் குணப்படுத்தலாம். மூன்றாவது எச்.ஐ.வி. எல்லோரும் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் தொற்றும் வாய்ப்பு 1000 பேரில் 3 பேர் அளவே.

ஊசி குத்தியவுடன் செய்ய வேண்டியவை

1. வேலையை நிறுத்துங்கள். காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவுங்கள். பிழியவோ, வாயால் உறிஞ்சவோ, பிளீச்சிங் திரவம் ஊற்றவோ வேண்டாம்.

2. கண்ணிலோ வாயிலோ குருதி தெறித்தால் சுத்தமான நீரால் மட்டும் பல தடவை கழுவுங்கள்.

3. உடனே விடுதிப் பொறுப்புத் தாதியிடமோ மேற்பார்வையாளரிடமோ சொல்லுங்கள். எந்த நேரம், எந்த இடம், எப்படிக் குத்தியது என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத வாசிக்கச் சிரமமானால் கூட வேலை செய்பவரை உதவிக்கு அழையுங்கள்.

4. அன்றே வைத்தியரைக் காணுங்கள். எச்.ஐ.வி. ஆபத்து உண்டென்று அவர் கருதினால் தடுப்பு மாத்திரைகள் தருவார். அவற்றைச் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவதே நல்லது. 72 மணித்தியாலங்கள் கடந்தால் பயனில்லை. தொடங்கினால் 28 நாட்கள் இடைவிடாது எடுக்க வேண்டும். ஹெபடைற்றிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு அதையும் உடனே தொடங்கலாம். 24 மணித்தியாலங்களுக்குள் தொடங்குவது மிக நல்லது.

5. வைத்தியர் குறித்துத் தரும் நாட்களில் குருதிப் பரிசோதனைக்குத் தவறாமல் போங்கள். உங்கள் முடிவுகள் இரகசியமாக வைக்கப்பட வேண்டியவை. இக்காலத்தில் பிள்ளைகளோடு ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ, அவர்களை அணைத்துக்கொள்வதாலோ இக்கிருமிகள் தொற்றா. தாய்ப்பால் கொடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

வருமுன் காப்போம்

இலங்கையில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைற்றிஸ் பி 2003ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்த நீங்கள் சிறுவயதில் அதைப் பெற்றிருக்க வாய்ப்பில்லை. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது என மூன்று ஊசிகள் போட வேண்டும். வேலையில் சேரும்போதே இதைக் கேளுங்கள். ஒருவராகக் கேட்கத் தயங்கினால் பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

பாவித்த ஊசிக்கு மீண்டும் மூடி போட வேண்டாம். கூரியவற்றைத் துளைக்க முடியாத கெட்டியான பெட்டியில் போட வேண்டும். பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் மூடி அகற்ற வேண்டும். குப்பைப் பையைக் கையாலோ காலாலோ அமுக்காதீர்கள். உடலோடு அணைத்துத் தூக்காமல் கழுத்தைப் பிடித்துத் தூக்குங்கள். செருப்புக்குப் பதில் பாதத்தை மூடும் பாதணியும், மெல்லிய கையுறைக்குப் பதில் தடித்த இறப்பர் கையுறையும் அணியுங்கள்.

கையுறையின் கதை ஒன்றும் இங்கே சொல்லத் தக்கது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் கரோலின் ஹம்ப்டன் என்ற தாதியின் கைகள் கிருமிநாசினியால் புண்ணாகின. அவருடைய கைகளைக் காக்கவே 1890ஆம் ஆண்டளவில் வில்லியம் ஹால்ஸ்ரெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இறப்பர் கையுறைகளைச் செய்வித்தார். நோயாளிகளுக்கும் அதனால் நன்மை உண்டென்பது பிறகுதான் தெரிந்தது. அன்று ஒரு தாதியின் கைக்குக் கிடைத்த கவனம் இன்று சுத்திகரிப்புப் பணியாளரின் கைக்கும் கிடைக்க வேண்டும். கையுறை கேட்பது சலுகை கேட்பதல்ல.

ஒப்பந்த நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்கும் சட்டத்தின் துணை உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கு வேலைகொள்வோரைப் பொறுப்பாளி ஆக்குகிறது. ஆனால் காயம் வேலையில்தான் ஏற்பட்டது என்று காட்ட அன்றைய பதிவு வேண்டும். மேலே எழுதச் சொன்ன அந்த ஒரு வரிதான் பின்னாளில் உங்கள் சாட்சி. அதன் பிரதியொன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் போடும் சகோதரிகளும், போரில் காயமடைந்து படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கும் சகோதரிகளும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு இறுக மூடி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். சிகிச்சைக்குச் செல்லும்போது அதை எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். வளவுக் குப்பையில் எறிய வேண்டாம்.

சகோதரிகளே, பிறர் நோயைத் துடைக்கும் கைகள் உங்களுடையவை. உங்களை நம்பி வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊசி குத்தினால் கழுவுங்கள், சொல்லுங்கள், எழுதுவியுங்கள். உங்கள் தோழிக்குக் குத்தினால் அவள் தயங்கினாலும் கையைப் பிடித்து வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.